ஐந்தாம் பக்கத்துப் பை

ஜெராக்ஸ் கடைக்காரியின் கை வழியாக ஊராருடைய பிறப்பும் இறப்பும் போய் வரும். அவள் தன் கதையை நகலெடுக்கத்தான் ஊரார் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். கடை வைத்திருப்பவர்களுக்கும், கடையில் உட்கார்ந்து படம் வரைகிறவர்களுக்கும் நான் சொல்வது உடனே புரியும்.

கேரள எல்லைக்குள், தமிழ் பேசுகிற ஊர் எங்களுடையது; கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, வில்லேஜ் ஆபீசுக்கு எதிரில் என் கடை. கட்டடம் அண்ணனுடையது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அண்ணன் டவுன் பள்ளிக்குப் போக வேண்டும், வீட்டில் மாடு பார்க்க ஆள் வேண்டும் என்று என்னை நிறுத்தினார்கள். என் புதுப் பையும் அவருக்குப் போயிற்று. அதைத்தான் படக்கதையாக வரைந்தேன். ஒரே தாள்; எட்டாக மடித்து நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் உள்ளங்கையளவு புத்தகம். ஐந்தாம் பக்கத்தில் அந்தப் பெண் பையைக் கழற்றி அண்ணன் தோளில் மாட்டுகிறாள். அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் மற்ற ஏழும்.

வெள்ளிக்கிழமைக் கண்ணாடி

மூன்றாம் பக்கத்தில் பள்ளிக்கூடத்து கிளார்க் ஒருவர் கண்ணாடி போட்டுக்கொண்டு டி.சி. எழுதுவார். எதிர் ஆபீஸ் கிளார்க் அதைப் பார்த்துவிட்டு, "என்னையப் போட்டிருக்கறீங்களேங்க்கா" என்றார். இது வேறு ஆள், முப்பது வருஷத்துக்கு முந்தியவர் என்றேன். கேட்கவில்லை. அவர் நினைத்தால் ஆபீசுக்கு வருகிற ஆட்களை எல்லாம் அடுத்த கடைக்கு அனுப்பிவிடலாம். ஐந்தாம் பக்கம் பிழைத்தால் போதும் என்று வெள்ளை மையை எடுத்தேன். இப்போது அந்தப் பக்கத்தில் நாற்காலி மட்டும் உட்கார்ந்து டி.சி. எழுதுகிறது.

"உங்களுக்குக் கண்ணாடியே இல்லீங்களே" என்று கடைசியாகக் கேட்டுப் பார்த்தேன்.

"டாக்டர் எழுதிக் குடுத்துட்டாருங்க. வெள்ளிக்கிழமை வருது."

மாட்டுப் பிரச்சினை

வாசகசாலையில் பத்துப் பிரதி வைக்கலாம் என்று கூப்பிட்டார்கள். பொறுப்பில் இருந்தவர் மேற்கிலிருந்து மாற்றலாகி வந்த மலையாளி. எழுத்தைத் தொடாமல் படத்தை மட்டும் புரட்டினார். ஆறாம் பக்கத்தில் பெண் பால் கறக்கிறாள். அங்கே நின்றுவிட்டார். இந்தக் காலத்தில் மாட்டை எப்படி வரைந்தாலும் யாராவது ஒருவர் வந்து சண்டை போடுவாராம். ஐந்தாம் பக்கத்தை அவர் கவனிக்கவில்லையே என்ற சந்தோஷத்தில் மாட்டை அழித்தேன். பெண் காற்றைக் கறந்துகொண்டிருக்கிறாள். முதலில் வாசித்தாவது பார்த்திருக்கலாமே என்று கேட்டதற்கு வந்த பதில் இது:

"எனக்குத் தமிழ் வாயிக்கான் அறியில்லா சேச்சி. எந்நாலும் பசு வேண்டா."

கலெக்டர் வேண்டும்

நான் படித்த பள்ளியின் டீச்சர் எல்லாப் பக்கத்தையும் ஒழுங்காகப் படித்தார். கண்கூடக் கலங்கினார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டுமானால் கடைசிப் பக்கத்தில் அவள் படித்துக் கலெக்டராக வேண்டும், இப்படி ஜெராக்ஸ் மெஷின் முன்னால் நிற்கக் கூடாது.

"அது நான்தானுங்க டீச்சர்" என்றேன்.

"அதனாலதானுங்க சொல்றேன். கதையிலயாவது ஆயிருங்களேன்."

கோந்து

கடைசிப் பக்கத்தில் அவளைக் கலெக்டராக்கி, மூன்று பேரையும் சமாளித்துவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தபோது அண்ணன் வந்தார். மகனுக்குப் பெண் பேசி முடித்திருந்த நேரம். ஸ்டூலில் உட்கார்ந்து படித்தார், இரண்டு தடவை.

"இது யாரு அம்மிணி, நானா?"

"ஆமாங்கண்ணா."

"இப்பிடி ஒண்ணு நடந்ததா எனக்கு ஞாபகமே இல்லியே. பொண்ணு ஊட்டுக்காரங்க வந்து பார்த்தா என்ன நெனப்பாங்க?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். என் கத்தரிக்கோலையே எடுத்து வெள்ளைத் தாளில் அளவாக ஒரு துண்டு வெட்டி, கோந்து தடவி, அசலின் ஐந்தாம் பக்கத்தின் மேல் ஒட்டினார். சுருக்கம் விழாமல் கட்டை விரலால் நீவியும் விட்டார். அவர் போனதும் உரித்துப் பார்த்தேன். பெண்ணும் பையும் அந்தத் துண்டோடு சேர்ந்து வந்துவிட்டார்கள். மறுபடி வரையலாமே என்பீர்கள். கட்டடம் யாருடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். துண்டைத் திரும்ப ஒட்டினேன். படியிறங்கும்போது அவர் சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது:

"உனக்கெதுக்குச் சிரமம்னுதான் நானே ஒட்டிட்டேன் சாமி."

மெல்லிய கோடு

ஒட்டின தாளின் விளிம்பு நகலில் மெல்லிய கோடாக விழும். தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியும். அதனால் ஐந்தாம் பக்கத்தில் இப்போது ஒரு வெற்றுச் சதுரம் இருக்கிறது. அப்படியே எடுத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். ரேஷன் கார்டு நகலெடுக்க வந்த, என் வயதுப் பெண் ஒருத்தி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். ஆளில்லாத நாற்காலிக்குச் சிரித்தாள். வெற்றுச் சதுரத்தில் நின்று, முன்னும் பின்னும் புரட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். இவளிடமாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்:

"ஏனுங்க்கா, மெஷின் கெட்டுப் போச்சுங்களா? இந்தப் பக்கம் விழவே இல்லியே!"

ஆமாங்க என்று சொல்லிவிட்டேன்: எங்கள் ஊரில் யாரும் எதையும் தடை செய்ததில்லை, எல்லாம் மெஷின் கோளாறுதான்.