லிபோவின் குழாய்க்காரர்

தண்ணீர் மீட்டர் குழியின் மூடியைத் தூக்கியதும், ஊரார் லாடி என்று கூப்பிடும் லாடிமிர் வோந்த்ரா முதலில் சிலந்தியிடம்தான் பேசுவார். "என்னடி, இன்னும் காலி பண்ணலையா?" பிறகு முழங்காலில் நின்று, கையைத் தோள்வரை குழிக்குள் விட்டு, மீட்டர் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்து, எண்ணை உரக்கச் சொல்லுவார். சொன்ன பிறகுதான் எழுதுவார். வாயால் சொல்லாத எண்ணை எழுதினால் தப்பாகிவிடும் என்பது அவர் கட்சி.

அராசெலி அவரை முதன்முதலில் பார்த்ததும் அந்தக் கோலத்தில்தான். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவுக்குப் பன்றிப் பண்ணையில் வேலை கிடைத்து, லிபோவ் ஊரின் கிழக்கு ஓரத்தில் சக்கரத்தின் மேல் நிற்கும் டிரெய்லர் வீடு ஒன்றுக்கு அவர்கள் குடிவந்த மறுநாள். தண்ணீர் திறந்துவிட வந்திருந்தவர், படியில் உட்கார்ந்திருந்தவளை நிமிர்ந்து பார்த்தார்.

"வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா?"

"அம்மா இருக்காங்க. அவங்களுக்கு இங்கிலீஷ் வராது."

"உனக்கு?"

"வரும்."

"அப்ப நீதான் பெரியவ. அம்மாவைக் கூப்பிடு."

அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவர் அம்மாவைப் பார்க்கவில்லை, குழந்தையைத்தான் பார்த்தார்.

"தாய்ப்பாலா, புட்டிப்பாலான்னு கேளு."

அராசெலிக்குக் கூச்சமாக இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "புட்டி."

"இந்தத் தண்ணியில பால்மாவு கலக்க வேணாம்னு சொல்லு. காய்ச்சினாலும் வேணாம். காய்ச்சினா இன்னும் கேடு. கடையில புட்டித் தண்ணி விக்கிது, அதை வாங்கச் சொல்லு."

"ஊரே இதைத்தானே குடிக்குதுன்னு அம்மா கேக்கறாங்க."

"பெரிய உடம்பு தாங்கும். சின்னது நீலம் பாரிச்சுப் போயிடும்."

அம்மா ஸ்பானிஷில் கொஞ்சம் நீளமாகவே ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?"

"நன்றி சொல்றாங்க."

"அது நன்றி சொல்ற மூஞ்சியா?" என்று சொல்லிவிட்டு அவர் வால்வைத் திருகித் திறந்தார்.

அம்மா கேட்டது இதுதான்: கெட்ட தண்ணீர் என்று தெரிந்திருந்தும் எந்த முகத்தோடு இதைத் திறந்துவிட வந்திருக்கிறான் இந்த மனுஷன்?

அந்த எச்சரிக்கை ஊர் மன்றத்தின் அறிவிப்புப் பலகையிலும் இருக்கத்தான் செய்தது. ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில், ஆகஸ்ட் மாத வாத்து விருந்தின் விளம்பரத்துக்குக் கீழே பாதி மறைந்து கிடந்தது. வீடு வீடாகப் போய்ச் சொல்லும்படி லாடியிடம் யாரும் சொல்லவில்லை. அவர் சொன்னதும் கைக்குழந்தை இருந்த வீடுகளில் மட்டும்தான். கைக்குழந்தைகள் டிரெய்லர்களில்தான் இருந்தன.

மற்றவர்கள் தெருவின் பெயரைச் சொல்லும் இடத்தில் அவர் குழாயின் அளவைச் சொல்வார். "ஆறு அங்குலம் முடிஞ்சு நாலு அங்குலம் தொடங்குதே, அந்த முனை" என்றால் முன்பு வங்கி இருந்த இடம். புதர் மண்டிய மனையைக் காட்டி, "இது ப்ரோகெஷ் வீடு, ரெண்டு இணைப்பு, பின்னாடி கோழிக்கூண்டுக்குத் தனி" என்பார். ப்ரோகெஷ் குடும்பம் போய் முப்பது வருஷம். அந்த மீட்டர் மூடியையும் மாதம் ஒருமுறை தூக்கிப் பார்ப்பார். ஏன் என்று கேட்டால், "ஒழுகுதான்னு பாக்கறேன்" என்பார். ஒழுகுவதற்கு அதில் தண்ணீரே கிடையாது.

லிபோவ் இப்போது இருக்கும் இடத்தில் பிறந்த ஊரல்ல. அமெரிக்காவில் நெப்ராஸ்காவின் அந்தப் பகுதியில் ரயில் பாதை போட்டபோது ஊரை நான்கு மைல் தள்ளி விட்டுவிட்டுப் போட்டார்கள். செக் நாட்டிலிருந்து வந்த குடியானவர்கள் ஒரு குளிர்காலம் முழுக்க வீடுகளை மர உருளைகள் மேல் ஏற்றி, குதிரை பூட்டி, உறைந்த ஓடையைத் தாண்டி இழுத்து வந்து தண்டவாளத்தின் ஓரத்தில் வைத்தார்கள். தேவாலயம் மட்டும் வழியில் இரண்டாகப் பிளந்தது. அதையும் கல்லறைகளையும் அப்படியே விட்டுவிட்டார்கள். அதனால் லிபோவின் பிணங்கள் இன்றைக்கும் நான்கு மைல் வடக்கே போகவேண்டும். ரயில் எண்பத்து மூன்றாம் வருஷம் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடமும் அதன் பின்னாலேயே போயிற்று.

வாத்து விருந்தில் மாவுருண்டையும் புளித்த கோசும் பரிமாறி முடிந்ததும் மைலோ சேட்லாசெக் எழுந்து இந்தக் கதையைச் சொல்வார். மதுக்கடை அவருடையது, ஊர் மன்றத் தலைவரும் அவர்தான். "எங்க தாத்தா வீட்டையே இழுத்துட்டு வந்தவரு. இந்த ஊரு அவ்வளவு லேசுல போயிடாது."

லாடி தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வார்: "இழுத்துட்டு வந்து வச்ச எடத்துல கிணறு தேறுமான்னு ஒருத்தனும் பாக்கல."

எல்லோரும் சிரிப்பார்கள். குழந்தைகள் எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருப்பார்கள். அதைக் கலப்பதற்கான தண்ணீரைக் குழாயிலிருந்து பிடித்துக் கொடுத்தவரும் லாடிதான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மன்றத்துச் சமையலறையில் ஒரு சின்னப் புட்டியில் தண்ணீர் பிடித்துச் சோதனைக்கு அனுப்புவார். குழந்தைகளை நீலம் பாரிக்க வைக்கும் நைட்ரேட் உப்பு பத்துக்கு மேல் இருக்கக்கூடாது. லிபோவில் பதின்மூன்று இருந்தது, பிறகு பதினாறு, பிறகு பத்தொன்பது. ஒவ்வொரு முறையும் கூட்டத்தில் எழுந்து எண்ணைச் சொல்வார்.

"எங்கப்பா இதைக் குடிச்சே தொண்ணூத்திரெண்டு வயசு வரைக்கும் இருந்தாருடா, லாடி" என்பார் மைலோ.

"உங்கப்பா தண்ணி குடிச்சு நான் பாத்ததே இல்ல."

சிரிப்போடு கூட்டம் முடியும். எண் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்டதில்லை. அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் சோள வயல் இருந்தது. வயலில் போட்ட உரமும் கொட்டிய பன்றிச் சாணமும் மழையோடு எங்கே இறங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். லாடி குத்தகைக்கு விட்டிருந்த நாற்பது ஏக்கரும் அதில் சேர்த்திதான்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு அம்மா சோள மடலில் சுற்றி அவிக்கும் தமாலே செய்து அராசெலியிடம் அவருக்குக் கொடுத்தனுப்பினாள். அவர் வீட்டுச் சமையலறைக் கதவு திறந்திருந்தது. சுவரோரம் கடைத் தண்ணீர்ப் புட்டிகள் இடுப்பளவுக்கு அடுக்கியிருந்ததை அராசெலி பார்த்தாள். அவள் பார்ப்பதை அவர் பார்த்தார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டே காலால் கதவைச் சாத்தினார்.

அவளுக்கு இருபத்திரண்டு வயதாகும்போது விஷயம் முற்றிவிட்டது. சுத்திகரிப்பு நிலையம் கட்டுங்கள் என்று மாநிலத்திலிருந்து உத்தரவு வந்தது. அறுபது சொச்சம் பேர் உள்ள ஊரால் அது முடியாது. இரண்டு மைலில் நெடுஞ்சாலையோரம் வட்டாரத் தண்ணீர்க் குழாய் ஓடியது. அதை உள்ளே கொண்டுவர வட்டாரத்தார் தயார்தான், ஆனால் ஊர் தன்னைக் கலைத்துக்கொண்டு கிணற்றையும் தெருவையும் ஒப்படைக்கவேண்டும். அதன் பிறகு மன்றம் கிடையாது. நெடுஞ்சாலைப் பலகையும் கிடையாது. வரைபடத்தில் அந்த இடம் வெறும் வயல். வாக்கெடுப்பு என்று முடிவாயிற்று.

"தண்ணிக்காகப் பேரை விக்கறதா?" என்றார் மைலோ. 'லிபோவ் இருக்கும்' என்று பலகைகள் எழுதி வீட்டுக்கு வீடு புல்தரையில் அடித்தார். முதல் பலகையை லாடியின் வாசலில்தான் அடித்தார். லாடி அதைப் பிடுங்கவில்லை. புல் வெட்டும்போது அதைச் சுற்றி வளைத்து வெட்டினார்.

அராசெலி அப்போது மாவட்டத் தலைநகரில் தேர்தல் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். உள்ளூர்ப் பெண் என்று அவளையே லிபோவ் சாவடிக்கு அனுப்பினார்கள். முப்பத்தேழு வாக்குகள் விழுந்தன. கலைக்கலாம் என்று பத்தொன்பது, வேண்டாம் என்று பதினெட்டு.

மறுநாள் மாலை பீட்ஸா வாங்க மதுக்கடைக்குப் போனவள் கதவருகே நின்றாள். மைலோ அவளைக் கவனிக்கவில்லை.

"டிரெய்லர்க்காரங்கதான், வேற யாரு? நேத்து வந்தவனுக்கு ஊரு என்ன, பேரு என்ன?"

அராசெலியின் வீட்டார் வந்து பதின்மூன்று வருஷம். எல்லா டிரெய்லர்களிலும் சேர்த்து வாக்கு இருந்தது ஐந்து பேருக்கு.

"நீ என்ன சொல்ற, லாடி?"

இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் கோப்பையை மேசைமேல் அரைவட்டம் திருப்பினார்.

"இருக்கலாம்டா" என்றார்.

இரண்டு நாள் கழித்து டிரெய்லர் வரிசையில் நான்கு தபால் பெட்டிகளை யாரோ மட்டையால் அடித்து நொறுக்கியிருந்தார்கள். காலையில் லாடி சிமென்ட் மூட்டையும் கம்பங்களுமாகப் பிக்கப் வண்டியில் வந்து இறங்கினார். யாரும் கூப்பிடவில்லை. ஆழமாகத் தோண்டி, கம்பம் நட்டு, பெட்டிகளை மாட்டினார்.

"யார் செஞ்சதுன்னு கேளு" என்றாள் அம்மா.

அராசெலி கேட்டாள்.

"பசங்க" என்றார்.

"எந்தப் பசங்கன்னு கேக்கறாங்க."

ஈரச் சிமென்டைக் கரண்டியால் தட்டித் தட்டிச் சமன் செய்தார். அது ஏற்கெனவே சமனாகத்தான் இருந்தது. "பசங்கம்மா" என்றார். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று அவருக்கு எதுவும் கொடுத்தனுப்பவில்லை.

அம்மாவிடம் அராசெலி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மதுக்கடையிலும் சொல்லியிருக்கலாம். ஆனால் வாக்களிக்க ஒருவருக்கு உதவுகிறவர், அவர் எதற்குப் போட்டார் என்று யாரிடமும் சொல்வதில்லை என்று கையெழுத்துப் போடவேண்டும். அவள் போட்டிருந்தாள்.

அவள் கையெழுத்துப் போட்டது வாக்கெடுப்பு அன்று பிற்பகல். மைலோவும் மற்றவர்களும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மன்றத்தில் அவளும் வாசலருகே தூங்கி வழிந்த இன்னொரு அலுவலரும் மட்டும். காலையில்தான் மன்றத்து முற்றத்தில் துருவேறி இறுகிக் கிடந்த வால்வு ஒன்றை லாடி வெறுங்கையால் திருகித் திறந்ததை அவள் சன்னல் வழியாகப் பார்த்திருந்தாள். இப்போது சட்டை மாற்றி, தலை வாரி வந்திருந்தார். சீட்டை வாங்கிக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போனார். வெகுநேரம் நின்றார். சீட்டை அப்படியே திரும்பக் கொண்டுவந்தார்.

"கை நடுங்குது. உதவிக்கு ஆள் கேக்கலாம்னு சட்டத்துல இருக்குல்ல?"

"இருக்கு. உங்களுக்கு யாரு வேணுமோ கேக்கலாம்."

"நீ வா."

அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு உடன் போனாள். சின்ன மேசையில் சீட்டை விரித்துவைத்து, பேனாவை அவள் பக்கம் தள்ளினார். இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"மேல இருக்கற வட்டம்மா. கலைக்கலாம்னு போட்டிருக்கே, அது. நீயே கருப்பாக்கிடு."