ஸ்டெல்லாவுக்குக் கிடைத்த முறைப்பு

சனிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குப் பெங்களூர் கன்டோன்மென்ட் நிலையத்தில் இறங்கினேன். இறங்கினேன் என்பது பேச்சுக்கு. ஒரு போர்ட்டரும் பக்கத்து இருக்கைக்காரரும் என்னைத் தூக்கி இறக்கினார்கள். பின்னால் என் சக்கர நாற்காலி வந்தது. வாணியம்பாடியிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம் பயணம், ஸ்டெல்லாவைப் பார்க்க. அவரவர் விபத்துக்குப் பிறகு வேலூர் ஆஸ்பத்திரியில் இருவரும் ஒரே வார்டில் கிடந்தோம். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனது இருவருக்கும் ஒன்றுதான். அதனாலேயே அவளைப் பார்த்துப் பொறாமைப்படுவது எனக்குச் சுலபம்.

காக்ஸ் டவுனுக்கு ஆட்டோ நூறு ரூபாய். ஸ்டெல்லா அங்கே பள்ளி ஆசிரியை. "வீட்ல காபி கிடையாதுடி, வெளிய போலாம்" என்று வந்தவுடன் கிளப்பிவிட்டாள். அவள் முன்னால் நாற்காலியை உருட்டிப் போக, நான் பின்னால் போனேன். நடைபாதை முழுக்க மரவேர், மூடாத பள்ளம், டூவீலர். எங்கள் ஊரை விட இது ஒன்றும் ஒசத்தியில்லை என்று எனக்கு ஓர் அற்பத் திருப்தி.

தெருமுனை ஹோட்டலைப் பார்த்ததும் அந்தத் திருப்தி போயிற்று. இந்த ஊரில் தர்ஷினி என்பார்கள். டோக்கன் வாங்கி, நெஞ்சளவு உயர மேசையில் தட்டை வைத்து, நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். அதன் வாசலில் இரண்டு படிகள். பக்கத்திலேயே சிமென்ட் சாய்தளம். சாய்தளத்தை மறித்து ஒரு ஸ்கூட்டர் நின்றது.

கல்லாவில் இருந்த முதலாளி ஸ்டெல்லாவைப் பார்த்து முறைத்தார். "மேடம், நம்ம பசங்க தூக்கிடுவாங்க, ஒன் மினிட்" என்றார். நான் பழக்கதோஷத்தில், தூக்க வசதியாக இரண்டு கைகளையும் உயர்த்திவிட்டேன்.

"கையைக் கீழ போடுடி!" என்று ஸ்டெல்லா சீறினாள். பிறகு அவரிடம், "சார், ஸ்வல்ப காடி தெகீரி" என்று வண்டியை எடுக்கச் சொன்னாள். "தினா இதே கதெ", தினமும் இதே தொல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே அவரே எழுந்து வந்து ஸ்கூட்டரை நகர்த்தினார்.

உள்ளே ஒரு மூலையில், எங்கள் முழங்கால் நுழையும் உயரத்தில் ஒரு மேசை இருந்தது. இருபது ரூபாய்க்கு ஒரு காபி. ஸ்டெல்லா தன் டம்ளரைத் தானே எடுத்து வந்தாள். என்னுடையதை நான் எடுத்து வந்தேன். பாதி சிந்தியது, ஆனாலும் அப்படி ஒரு ருசி.

"சாய்தளம், இந்த மேசை எல்லாம் சும்மாவா வச்சாரு? மாற்றுத்திறனாளி ஆணையர் ஆபீஸ்ல மனு போட்டேன். கடை பிரைவேட்டா இருக்கட்டும், பப்ளிக் வந்து போற எடம். நாம உள்ள போற மாதிரி வச்சிருக்கணும்னு சட்டமே இருக்கு" என்றாள் ஸ்டெல்லா.

"பெங்களூர்ல இருக்கே, உனக்கென்ன."

"உங்க ஊருக்கும் அதே சட்டம்தான்டி. நீ போட்டியா மனு?"

எனக்கு வயிறு எரிந்தது. அவளுடைய மேசை, அவளுடைய கன்னடம், அவளுடைய கோபம் எல்லாவற்றின் மேலும் பொறாமை. எல்லாவற்றையும் விட அந்த முறைப்பின் மேல். என்னை இதுவரை எந்தக் கடைக்காரரும் முறைத்ததில்லை. பாவம் என்றுதான் பார்த்திருக்கிறார்கள்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வாணியம்பாடி. வழக்கமான டீக்கடை முன் ஆட்டோ நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்கார பாய் டீயோடு ஓடி வந்தார்.

"பாய், இன்னிக்கு உள்ள வந்து குடிக்கிறேன். படி மேல ஒரு பலகை போடுங்களேன்."

அவர் முகம் விழுந்துவிட்டது. "ஏம்மா, இத்தினி நாள்ல நான் எதுனா குறை வச்சேனா? நீ ஏன் அலையணும், நான்தான் கொண்டாந்து தரேனே." காசை நீட்டினேன். கும்பிட்டு மறுத்துவிட்டார்.

டீயை ஆட்டோவிலேயே குடித்தேன். இவ்வளவு நல்ல மனிதர் மேல் எப்படி மனு போடுவது? ஸ்டெல்லாவுக்கு அந்தச் சங்கடமே இல்லை. அங்கே அவளை ஒருத்தருக்கும் பிடிக்காது. கொடுத்து வைத்தவள்.