ஐந்து பேர் பார்த்த பக்கம்

கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே, பேனா கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில், ஒரு ஆள் கை நீட்டினால் இரண்டு சுவரும் இடிக்கிற அகலத்தில் இருக்கிறது அந்த ஜெராக்ஸ் கடை. பத்தொன்பது வருஷமாக அந்தக் கல்லூரிப் பிள்ளைகளின் ரெக்கார்டு, அசைன்மென்ட், லீவ் லெட்டர் எல்லாம் ஜெராக்ஸ் அக்காவின் கை பட்டுத்தான் உள்ளே போகும். எந்த வாத்தியாருக்கு ஸ்பைரல் பைண்டிங் பிடிக்கும், யார் ஓரத்தில் ஒரு இன்ச் விடாவிட்டால் திருப்பி எறிவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

போன வருஷம் ஒரு நாள், பேப்பர் சிக்கிய மெஷினின் வயிற்றைத் திறந்து வைத்தபடியே, நானும் அங்கே போய்ச் சேர்ந்தால் என்ன என்று கணவரிடம் கேட்டார். அவர் விளையாட்டுப் பேச்சு என்று நினைத்து, சேரேன் என்று சொல்லித் தொலைத்துவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக இப்போது தினமும் மதியம் இரண்டு மணி நேரம் கடையை அவர்தான் பார்க்கிறார். பேப்பரும் தினமும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் சிக்குகிறது.

அக்கா சேர்ந்தது கம்ப்யூட்டர் டிப்ளமா. அதில் முதல் பருவத்தில் வெப் டிசைன், வெப் பக்கம் எழுதும் ஆரம்பப் பாடம். அதில் தேறினால்தான் அடுத்த பருவம். தேறாவிட்டால் அவர் இடத்துக்கு, காத்திருக்கும் பட்டியலில் இருந்து வேறு ஒருவர் வந்துவிடுவார். நாற்பத்திரண்டு வயதில் இன்னொரு தடவை மனுப் போட்டு வரிசையில் நிற்க அக்காவுக்குத் தெம்பு இல்லை. அதனால் வகுப்பில் கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்பார்.

பாடம் எடுப்பவர் கண்ணாடி மிஸ். ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே மிஸ்தான், ரெக்கார்டு பிரிண்ட் வராமல் அக்காவின் கடை வாசலில் நின்று மூக்கைச் சிந்தி அழுத பிள்ளை. இரண்டு பேரும் அதை மறந்தாற்போல் நடந்துகொள்வார்கள்.

பக்கம் எழுதும்போது டேக் என்கிற குறியைத் திறந்தால் மூட வேண்டும் என்ற சட்டம் அக்காவுக்கு முதல் நாளே பிடித்துப்போயிற்று. ஒரே ஒரு தரம் தடித்த எழுத்துக் குறியை மூட மறந்து, பக்கம் முழுக்கத் தடித்துப்போய் மைக் செட் மாதிரி கத்தியது. பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகள், "அக்கா, சவுண்டைக் குறைங்க" என்று கிண்டல் செய்ய, அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு மூடினார்.

பருவக் கடைசியில் மிஸ் வேலை கொடுத்தார். தெரிந்த கடை ஒன்றுக்குப் பக்கம் செய்ய வேண்டும். கல்லூரிக்கு வெளியே ஐந்து பேர் தங்கள் போனில் அதைத் திறந்து பார்த்து, ஆளுக்கு ஒரு வரி கருத்து எழுதித் தர வேண்டும். வெள்ளிக்கிழமை புரொஜெக்டர் வழியாக வகுப்புச் சுவரில் பக்கம் திறக்கும்.

அக்கா தன் கடைக்கே செய்தார். மெஷினின் போட்டோ, திறக்கும் நேரம், போன் நம்பர், பின்னால் பளீரென்று மஞ்சள். வீட்டுக் கணினியில் இரண்டு தட்டுத் தட்டினால் பக்கம் ஜம்மென்று திறந்தது. மேலே தெரிந்த முகவரியை அப்படியே எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டார்.

அரை மணி நேரத்தில் பாராட்டு குவிந்தது. அண்ணன், "கலர் அபாரம்" என்றார். சித்தி, கண்ணில் ஒத்திக்கொள்ளலாம் போல இருக்கிறது என்றாள். தம்பியும் அவன் மனைவியும் ஆளுக்கு ஒரு சூப்பர் போட்டார்கள். நாத்தனார் மட்டும் தனியாக அனுப்பினாள்: "அண்ணி, இது லிங்க்கே இல்ல. காப்பி பண்ணிப் போட்டுப் பார்த்தேன். ஒண்ணும் தொறக்கல."

நாத்தனார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் போடும் ஊசி வலிக்காது, பேச்சுதான் வலிக்கும் என்பது அக்காவின் கருத்து. காலேஜில் சேர்ந்த புதிதில் அவள் எல்லார் முன்னாலும், "அண்ணி, பரீட்சை பேப்பரை எழுதப் போறீங்களா, பிரிண்ட் போடப் போறீங்களா?" என்று கேட்டதிலிருந்து பேச்சுவார்த்தை அளவோடுதான். நாலு பேருக்குத் திறந்தது இவளுக்கு மட்டும் திறக்கவில்லையாம், வயிற்றெரிச்சல் என்று முடிவு கட்டி, அவளை விட்டுவிட்டார். ஐந்தாவது கருத்தை வீட்டுக் கணினியிலேயே காட்டிக் கணவரிடம் வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மிஸ் அந்த முகவரியைத் தட்டினார். அது வீட்டுக் கணினியின் டி டிரைவில் பக்கம் இருந்த இடம். விருந்தாளிக்கு வழி கேட்டால், எங்கள் வீட்டுச் சமையலறையில் இரண்டாவது அலமாரி என்று சொல்வது போல. கல்லூரிக் கணினியிலும் ஒரு டி டிரைவ் இருந்தது; அதில் அக்காவின் கடை இல்லை. கோப்பு கிடைக்கவில்லை என்று சுவர் பூராவும் எழுதி நின்றது.

மிஸ் கையில் இருந்த கருத்துகளைப் பார்த்தார். வெறும் சுவரைப் பார்த்தார். "கலர் அபாரம்" என்று மெதுவாகப் படித்தார். அதற்கு மேல் படிக்க முடியாமல் பின் பெஞ்சில் சிரிப்பு வெடித்தது. அக்காவுக்குக் காது மடல் எல்லாம் சுட்டது.

"திங்கக்கிழமை வரைக்கும் டைம் தரேன், அக்கா," என்றார் மிஸ். "எங்க வைக்கணும்னு நோட்டுல இருக்கு. பார்த்தவங்களை, பார்த்ததை மட்டும் சொல்லச் சொல்லுங்க."

கடைக்கு வந்ததும் அக்கா வரிசையாகப் போன் போட்டார். அண்ணன் தன் போன் பழசு என்று நினைத்தாராம். தம்பி அவசரத்தில் பார்க்கவில்லையாம். சித்திதான் உண்மையைச் சொன்னாள்: "நீ ஆசையா அனுப்பியிருந்தே. தொறக்கலன்னு சொன்னா உன் மனசு என்ன பாடுபடும்டி?"

அக்கா மெஷினை நிறுத்தினார். பிறகு நாத்தனாருக்குப் போட்டார்.

"அன்னைக்கு நீ சொன்னது சரிதாம்மா."

"தெரியும், அண்ணி."

"இப்ப திரும்பச் செய்யறேன். பார்த்துச் சொல்றியா?"

அந்தப் பக்கம் யாரோ இருமும் சத்தம் கேட்டது. "அனுப்புங்க. வார்டுல ஒரு சுத்து முடிச்சிட்டுப் பார்க்கறேன்."

சனிக்கிழமை கல்லூரி ஆய்வகத்தில் உட்கார்ந்து, எந்த ஊர்ப் போனிலும் திறக்கும்படி, பக்கத்தைக் கல்லூரி சர்வரில் கொடுத்திருந்த இடத்தில் ஏற்றினார் அக்கா. நாத்தனாரிடமிருந்து பதில் வந்தது, நோயாளி அட்டையில் எழுதுகிற மாதிரி நேரம் போட்டு. பத்து நாற்பது: எழுத்து வருது. படம் இருக்க வேண்டிய எடத்துல கிழிஞ்ச பேப்பர் மாதிரி ஒரு சின்ன பொம்மை. படத்தின் முகவரி இன்னும் வீட்டு அலமாரியிலேயே இருந்தது, மாற்றினார். பதினொண்ணு ஐந்து: படம் வந்திடுச்சு. தொறக்கற நேரம் வலது பக்கமா ஓடிப்போச்சு, விரலால இழுத்துட்டு வர வேண்டியிருக்கு. அதையும் பிடித்து நிறுத்தினார். பன்னிரண்டு: மஞ்சள் மேல வெள்ளை எழுத்து, கண்ணு கூசுது.

மஞ்சளில் மட்டும் அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. எல்லாருக்கும் பிடித்த கலர் என்று போன் போட்டு வாதாடினார். "யாரு, பார்க்காதவங்களுக்கா?" என்றாள் நாத்தனார். அக்கா எழுத்தைக் கறுப்பாக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தச் செய்திகளை ஒவ்வொன்றாகப் பிரிண்ட் எடுக்கும்போதுதான் எண்ணிப் பார்த்தார். ஒன்பது. இரண்டு டியூட்டிக்கு நடுவே, நின்றுகொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் ஒன்பது தடவை திறந்திருக்கிறாள். தன்னுடைய பக்கத்தை இத்தனை கவனமாக இதுவரை யாரும் பார்த்ததில்லை என்று நினைத்தபோது, அக்காவுக்கு எழுத்து மங்கலாகத் தெரிந்தது. மெஷினில் மை குறைந்துவிட்டதா என்று கணவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தார்.

திங்கள்கிழமை சுவரில் கடை திறந்தது. படம் படமாக, நேரம் நேராக. மிஸ் கருத்துகளை எடுத்தார். அண்ணன் இந்த முறை, "தெரிகிறது" என்று ஒற்றை வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். சித்தி, "பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன்" என்று எழுதியிருந்தாள். நாத்தனாருடையது மட்டும் ஒன்றரைப் பக்கம். மிஸ் அதை நின்றபடியே முழுக்கப் படித்தார்.

"இவங்க யாருக்கா?"

"என் நாத்தனார், மிஸ்."

"எனக்கே இப்படி ஒருத்தர் பார்த்துச் சொன்னதில்ல," என்றார் மிஸ், பாராட்டாக இல்லை, நிஜமாகவே பொறாமையாக.

அக்கா தேறிவிட்டார். படிக்கட்டில் இறங்கிக்கொண்டே முதல் போனை நாத்தனாருக்குத்தான் போட்டார்.

"பாஸ்மா. அடுத்த பருவம் போறேன்."

"மார்க் எவ்ளோ, அண்ணி?"

"இருபதுக்குப் பதினெட்டு."

"ரெண்டு எங்க போச்சு?"

போன வாரமாக இருந்தால் அக்கா போனை வைத்திருப்பார். இன்று கல்லூரிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, முதல் மார்க் போன கதையைச் சாவகாசமாக ஆரம்பித்தார். எதிரே கடையில் கணவர் பேப்பரோடு மல்லுக்கட்டிக்கொண்டு கையைக் காட்டிக் காட்டிக் கூப்பிட்டார். அக்கா இரண்டாவது மார்க்குக்கு வருவதற்கே இன்னும் இருபது நிமிஷம் ஆனது.