ரெஜினாக்கா வீடு பார்த்துக் கொடுத்த நாய்கள்

ரெஜினாக்கா இறந்த செய்தியை சூப்பர்வைசர்தான் எங்கள் தையல் லைனுக்கு வந்து சொன்னார். மெஷின்கள் நிற்கவில்லை. நானும் நிறுத்தவில்லை. கையிலிருந்த டி-ஷர்ட்டின் தோளை அடித்து முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். காய்ச்சலோடு வேலைக்கு வந்துகொண்டிருந்தவர் அவர். ஷிப்மெண்ட் முடியட்டும், அப்புறம் லீவு என்றார்கள். ஷிப்மெண்ட் போய்விட்டது.

நெருப்பெரிச்சல் ஊரின் இந்தப் பனியன் கம்பெனியில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைத் தெரியும். தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருந்தார். கம்பெனி வாசலில் பிறக்கும் நாய்க்குட்டிகளை எடுத்துப்போய், தகுந்த வீடு பார்த்துக் கொடுப்பார். கேட்டவர்களுக்கெல்லாம் தரமாட்டார். "மொதல்ல ஊட்டப் பாக்கோணும்" என்பார்.

நானும் ஒருமுறை குட்டி கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் லைன் வீட்டுக்கு வந்தார். மூலையில் மெத்தையாக நான் பனியன் வேஸ்ட் துணியைக் குவித்து வைத்திருந்தேன். இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான்.

"ஏங்கண்ணு, இதென்ன, கொல்றதுக்கு ஏற்பாடா? நூலைத் தின்னா கொடல்ல சுத்திக்கும். சாக்குப் போடு."

"போட்டர்றேங்கக்கா. குட்டி எப்பத் தருவீங்க?"

"நீயும் உம் பொண்டாட்டியும் ஒன்னரை ஷிப்டு. காலையில போனா ராத்திரி வர்றீங்க. அது செவுத்துகூடவா பேசும்?"

"ஆசையா இருக்குதுங்கக்கா."

"ஆசை உனக்கு. பசி அதுக்கு. போ, போயி ஒரு பொம்மை வாங்கு."

என் மனைவி சிரித்துவிட்டாள். நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

மேனேஜரும் குடோன் காவலுக்கு ஒரு குட்டி கேட்டார். "எந்நேரமும் கட்டித்தான போடுவீங்க? அதுக்குப் பூட்டு வாங்கிக்குங்க சார்" என்றார் ரெஜினாக்கா. மறுநாளே அவரை, நாள் முழுக்கப் பெட்டி தூக்கும் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். கடைசிவரை அங்கேதான் இருந்தார்.

அடக்கம் முடிந்து நானும் மனைவியும் அவர் வீட்டுக்குப் போனபோது அவருடைய கிழட்டு நாய் ராணி வாசலில் படுத்திருந்தது. அவருக்கு வேறு யாருமில்லை. வீட்டை வாடகைக்கு விட்டிருந்தவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "நாளைக்கு ஊட்டச் சுத்தம் பண்றோமுங்க. நாயைக் கூட்டிட்டுப் போயிருங்க. இல்லீன்னா நாய் புடிக்கிற வண்டிய வரச் சொல்லீருவேனுங்க."

அந்த வண்டியில் ஏறிய நாய் எதுவும் எங்கள் பக்கம் திரும்பி வந்ததில்லை.

ராணியை எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனால் பகலில் அதோடு யார் இருப்பார்கள் என்று அங்கேயே நின்று யோசித்தோம். "மத்தியானம் நான் வந்துட்டுப் போறேன், என்ற கம்பெனி பக்கந்தான். சாயங்காலம் நீங்க வந்தாகோணும்" என்றாள் மனைவி.

இனி ஒரு ஷிப்டுதான் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

"ஏம்ப்பா, ஊட்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?"

"நாய் இருக்குதுங்க."

"ஒரு நாய்க்காக அரை ஷிப்டை உடறயா?"

"ஆமாங்க."

லைனே சிரித்தது. காய்ச்சலோடு பெட்டி தூக்கிய மனுஷிக்கு இந்தக் கம்பெனி ஒரு சாயங்காலம்கூட விடுப்புக் கொடுத்ததில்லை.

ராணி இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும் குடிக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை. ரெஜினாக்காவிடமிருந்து என்னிடம் இருப்பவை இந்த நாயும், வெளிச்சம் இருக்கும்போதே மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து போகிற மாலையும்தான்.