ஏழாம் மாதத்துக் காதுகுத்து

என் மகளுக்குக் காது குத்த ஏழாம் மாதத்தில் நாள் குறித்தார்கள். அவளுக்கு ரத்தப் பரிசோதனை செய்ய டாக்டர் சொல்லியிருந்ததோ ஒன்பது மாதம் முடிந்த பிறகு. நடுவில் இருந்த அந்த இரண்டு மாதத்திலிருந்து நான் இன்னும் வெளியே வரவில்லை.

கர்ப்பமான மூன்றாம் மாதத்தில்தான் எனக்கு ஹெபடைடிஸ் பி, ரத்தத்தின் வழியாகப் பரவும் ஈரல் கிருமி, இருப்பது தெரிந்தது. உடம்பில் ஒரு குறையும் இல்லை. ஸ்ரீபெரும்புதூருக்குக் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய் வந்தேன், வேளைக்குச் சாப்பிட்டேன், தூங்கினேன். நான் பிறந்தபோதே என் அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம் என்றார் டாக்டர். அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகியிருந்தது, கேட்க ஆள் இல்லை. கணவருக்கும் ரத்தம் பார்த்தார்கள். அவருக்கு இல்லை. தடுப்பூசி போட்டு அனுப்பினார்கள். வெளியே வந்ததும் அவர் சொன்னது ஒன்றுதான்.

"அம்மாகிட்ட சொல்லிக்கினு இருக்காத. தெரு பூரா தெரிஞ்சிடும்."

மாமியார் பொல்லாதவர் இல்லை. ஆனால் அவர் காதில் ஒன்று விழுந்தால் பெரிய காஞ்சிபுரத்தில் பாதித் தறிக்கு அது போய்ச் சேர்ந்துவிடும். நானும் தலையாட்டினேன். பிரசவ அட்டையில் நர்ஸ் சிவப்பு மையில் எழுதியிருந்த பக்கத்தை உள்பக்கமாக மடித்து வைத்தேன்.

குழந்தை பிறந்த சில மணி நேரத்துக்குள் இரண்டு தொடையிலும் ஊசி போட்டார்கள். அடுத்தடுத்த தடுப்பூசிகளில் ஒன்றைக்கூட நான் தவறவிடவில்லை. ஒவ்வொரு முறை போகும்போதும், இப்போதே ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று டாக்டரை நச்சரித்தேன்.

"அவசரப்பட்டு எடுத்தா தப்பா காட்டும்மா," என்றார். "உங்ககிட்டருந்து வந்தது, நாங்க போட்ட ஊசியால வந்தது எல்லாம் இப்ப அந்த ரத்தத்துல இருக்குது. ஒன்பது மாசம் முடியட்டும். அப்பதான் குழந்தையோட சொந்த ரத்தம் பேசும்."

தாய்ப்பால் கொடுக்கலாம் என்றார். கொடுத்தேன், ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டே.

என் நாத்தனாருக்கு எங்களுக்கு இரண்டு மாதம் கழித்துப் பெண் பிறந்திருந்தது. ஒற்றைப்படை மாதத்தில்தான் குத்த வேண்டும், இவளுக்கு ஏழு, அவளுக்கு ஐந்து, இரண்டு பேருக்கும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றார் மாமியார். இடம் தெருமுனை அம்மன் கோயில் மண்டபம். குத்த வருபவர் அவர்கள் குடும்பத்துக்கு வழக்கமாக நகை செய்யும் பத்தர்.

என் மகள் ரத்தத்தில் கிருமி இருந்தால் அதே ஊசியில் அடுத்த காதுக்கும் போய்விடும். நான் ஒரு கணக்குப் போட்டேன். நாத்தனார் குழந்தைக்கு முதலில் குத்திவிட்டால் போதும். என் மகளுக்குக் குத்திய ஊசி அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போகும் என்று நான் யோசிக்கவே இல்லை. என் நல்ல மனசு அவ்வளவுதான்.

சின்னது அழுதுகொண்டே இருக்கிறது, அவளுக்கே முதலில் குத்திவிடலாமே என்று மெல்லக் கேட்டேன். மகன் வயிற்றுப் பேத்திக்குத்தான் முதலில் என்று மாமியார் சொல்லிவிட்டார். பத்தரிடம் போய், புது ஊசி இருக்கிறதா என்றேன். அவர் ஊசியை விளக்கில் லேசாகக் காட்டி, வேட்டி ஓரத்தில் துடைத்தார்.

"இந்த ஊர்ல பாதி காது இந்த ஊசிலதாம்மா குத்தினது. ஒண்ணும் ஆவாது."

என் மகள் என் அண்ணன் மடியில் உட்கார்ந்தாள். குத்திய இடத்தில் ஒரு பொட்டு ரத்தம் வந்தது. பத்தர் கம்மலைத் திருகிவிட்டு, ஊசியை அதே வேட்டி ஓரத்தில் துடைத்தார். அடுத்து நாத்தனார் குழந்தை. அவளுக்குத் தாய்மாமன் என் கணவர், அதனால் அவர் மடியில். நான் இரண்டடி தூரத்தில் நின்றேன். வாயைத் திறந்தால் போதும். என்ன ஆகிவிடும்? கொஞ்ச நாள் பேசுவார்கள், என் தட்டைத் தனியாக வைப்பார்கள். அதற்குப் பயந்து நின்றேன். ஊசி அந்தக் காதுக்குள் போயிற்று. கணவர் குழந்தையின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு எதிர்த் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், இவருக்கு ஊசி விஷயம் தோன்றவே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் தூங்கியதாக நினைவில்லை. நாத்தனார் வீட்டிலிருந்து போன் வந்தால் முதல் மணியிலேயே எடுப்பேன். குழந்தைக்குச் சளி என்பாள், பல் முளைக்கிறது என்பாள். நான் அந்தக் குழந்தையின் கண் மஞ்சளாக இருக்கிறதா என்று வீடியோ காலில் தேடுவேன். சின்னக் குழந்தைக்கு வந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளேயே தங்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெரிந்தும் தேடினேன். கணவரிடம் சொல்லவில்லை. அவராவது நிம்மதியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்பது மாதம் முடிந்த வாரமே பரிசோதனைக்குப் போனோம். ரத்தம் எடுக்கும் பெண் என் கண் முன்னால் புது ஊசியின் உறையைக் கிழித்தாள். எடுத்து முடித்ததும் அதை ஒரு டப்பாவுக்குள் போட்டு மூடினாள். ஒரு குழந்தைக்கு ஒரு ஊசி. அவ்வளவு சுலபமான வேலை. எனக்கு அங்கேயே அழுகை வந்தது. குழந்தை அழுவதைப் பார்த்து அழுகிறேன் என்று நினைத்து அவள் சமாதானம் சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கிருமி இல்லை, தடுப்பு சக்தியும் நன்றாக வந்திருக்கிறது என்றார். நான் மகளைக் கட்டிக்கொண்டேன். வாசல்படி இறங்கும்போது கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது.

"அப்ப அவளுக்கும் ஒண்ணும் இருக்காது."

யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

நாத்தனார் மகளுக்கு இப்போது நான்கு வயது. வீட்டுக்கு வந்தால் மாமா மடியைத் தவிர வேறெங்கும் உட்காரமாட்டாள். டிவி பார்த்துக்கொண்டே அவர் கை தானாக அவள் காது மடலுக்குப் போகும், கம்மலைத் தொட்டுப் பார்க்கும். அன்றைக்கு ரிப்போர்ட் வேறு மாதிரி வந்திருந்தால் அவளுக்கும் பரிசோதனை செய்யச் சொல்லி நாங்கள் வாயைத் திறந்திருப்போமா? இதை நான் அவரிடம் கேட்டதில்லை. அவரும் என்னிடம் கேட்டதில்லை. அவர் கை அந்தக் காதுக்குப் போகும்போது நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.