ஒன்றரைத் தாடி

ஈபன் கிரிம்ஷாவுக்கு வாய்தான் சத்துரு. கையைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. கன்னத்தில் கத்தி இறங்குவதே தெரியாது. இண்டியானாவில் அந்தச் சின்ன ஊருக்கு அவன் ஒருவன்தான் நாவிதன். தினமும் முதல் சவரம் தனக்கே செய்துகொண்டு, வழவழ முகமே விளம்பரமாகக் கடை வாசலில் நிற்பான்.

1876 ஜூனில் ஜனாதிபதி தேர்தலுக்கு டில்டன் நிற்கிறார் என்று சேதி வந்ததும் அந்த வாய் திறந்தது. "டில்டன் ஜெயிக்கிறவரைக்கும் என் முகத்துல நான் கத்தி வைக்கமாட்டேன். இது சத்தியம்!"

"எழுதிக் குடுடா பாக்கலாம்," என்றார் கசாப்புக்கடை ஹோசியா. அவர் எதிர்க்கட்சி. எழுதியும் கொடுத்தான், மடையன். ஹோசியா அதைத் தன் கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார்.

ஈபனைக் கட்டிக்கொள்ள அப்போதுதான் சம்மதித்திருந்த தொப்பிக்கடை லவினியாவுக்குச் சிரிப்பே வரவில்லை. "தாடியோட சர்ச்சுக்கு வந்தீங்க, நான் வந்த வழியே திரும்பிப் போயிடுவேன். ஆமா!"

"நவம்பர்ல முடிஞ்சிடும் கண்ணு."

எங்கே முடிந்தது! தேர்தலுக்கு மறுநாள், டில்டன் ஜெயித்துவிட்டார் என்று பத்திரிகை வந்தது. கடையே கூத்தாடியது. ஈபன் நுரை தடவி வலது கன்னத்தை மழித்து முடித்தபோது, தந்தி ஆபீஸ் குமாஸ்தா தலைதெறிக்க ஓடிவந்தான். "கத்தியைக் கீழ வைங்க! மூணு மாநிலத்துல ரெண்டு கட்சியும் நாங்கதான் ஜெயிச்சோம்னு அடிச்சுக்கறாங்க!"

அன்று கீழே வைத்த கத்திதான். இடது பக்கத் தாடி மார்பைத் தொட, வலது பக்கம் அப்போதுதான் முளைக்க, பக்கத்து ஊர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். வாஷிங்டனில் பதினைந்து பேர் குழு போட்டுப் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். மூன்று முறை கல்யாணத்தைத் தள்ளிவைத்த லவினியா கடைசியாகச் சொல்லிவிட்டாள்: "மார்ச் பத்தாம் தேதி. அன்னிக்கு உங்க முகம் எனக்குத் தெரியலேன்னா, சின்சினாட்டிக்கு அக்கா வீட்டுக்கு ரயிலேறிடுவேன்."

மார்ச் இரண்டாம் தேதி தந்தி வந்தது. மாநிலங்களின் தேர்வாளர் ஓட்டில் எதிர்க்கட்சி ஹேய்ஸ் 185, டில்டன் 184. ஒரே ஒரு ஓட்டு! ஹோசியா தெருவில் குதியாட்டம் போட்டார். ஈபன் தன் கடை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். சத்தியத்தை மீறலாம்தான்; ஆனால் சொன்ன சொல் மாறுகிறவன் கத்திக்கு ஊரில் எவன் கழுத்தைக் கொடுப்பான்? லவினியாவை நினைத்ததும் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

லவினியா வந்தாள். வரும் வழியில் கசாப்புக்கடைச் சுவரிலிருந்து அந்தக் காகிதத்தைப் பிய்த்துக்கொண்டு வந்தாள். ஹோசியா கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தார்.

"'என் முகத்தில் நான் கத்தி வைக்கமாட்டேன்,'" என்று உரக்கப் படித்தாள். "இதுல 'நான்'னா யாரு?"

"நான்தான்," என்றான் ஈபன்.

"நானில்லையே?" என்று கத்தியைக் கையில் எடுத்தாள்.

இருபது வருஷமாக ஊருக்கே சவரம் செய்தவனுக்கு, தன் முகத்தை இன்னொருத்தர் மழிக்கலாம் என்று தோன்றவே இல்லை! ஹோசியா காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்துப் பார்த்தார்.

மூன்று வெட்டுக் காயத்தோடு பத்தாம் தேதி கல்யாணம் நடந்தது. டில்டன் கடைசிவரை ஜனாதிபதி ஆகவே இல்லை. அதனால் முப்பத்தொரு வருஷம் தினமும் காலையில் லவினியாவேதான் அவனுக்குச் சவரம் செய்தாள். அந்த நேரத்தில் மட்டும் ஈபன் வாயைத் திறக்கமாட்டான்.