சாக்குக்கு அடியில் இருந்த விரிசல்

2025 நவம்பர் 12, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்து, பால் காய்ச்சினேன். காலண்டர் சீசன். சிவகாசி அச்சகத்தில் பண்டிகை நாட்களைச் சரிபார்ப்பது என் வேலை என்பதால் அரைநாள் விடுப்புதான் கிடைத்தது. அடுப்படியில், கொல்லைக் கதவை ஒட்டி டைல்ஸ் இடுக்கில் ஓடிய விரிசலைச் சரிசெய்ய அன்று ஆள் வருவதாக இருந்தது. தண்ணீர் இறங்கி, எறும்பு மண் தள்ளத் தொடங்கிய பிறகுதான் அண்ணன் அதற்குச் சம்மதித்தார்.

ஏழு வருடமாக அவர் அந்த விரிசலை மிதித்ததில்லை. தாண்டித்தான் கொல்லைக்குப் போவார். அண்ணன் மனைவி, என் மதினி, வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி வெடித்து அவர் இறந்த அன்று எங்கள் வீட்டு அலமாரியிலிருந்து பாத்திரங்கள் உருண்டு விழுந்தன. மதினியின் காரியத்துக்காக வீட்டை ஒதுக்கியபோது, கொல்லைக் கதவடியில் கிடந்த சாக்கை யாரோ உருவி எறிந்தார்கள். அடியில் இந்த விரிசல். வெடிச் சத்தம் வந்து நின்ற இடம் இதுதான் என்றார் அண்ணன். எங்களுக்கும் அப்படித்தான் பட்டது. அதன்பின் எங்கே வெடித்தாலும் ஊர் முழுக்கத் தெருவுக்கு ஓடி எந்தத் திசையில் புகை என்று பார்க்கும். அண்ணன் மட்டும் அடுப்படிக்குப் போய்க் குனிவார். கோடு நீண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். பின்னால் நின்றிருக்கும் எனக்கும் சில நாட்களில் அது நீண்டிருப்பதாகவே தோன்றும்.

வந்தவர் மதினியின் தம்பி. அந்தத் தரையைப் போட்ட கொத்தனாரும் அவர்தான். கொத்துக் கரண்டிக் காம்பால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிக்கொண்டே வந்தார்.

"கிண்ணுன்னு கேக்குது மச்சான். வெடி அதிர்ச்சின்னா அடியில பிடிமானம் விட்டுப்போயி டொக்குடொக்குன்னுல்ல கேக்கணும்?"

மற்ற இடுக்குகளை ஆணியால் கீறினார். கல்லாக இருந்தன. விரிசல் வரிசையைக் கீறியதும் கோலமாவு போல உதிர்ந்தது.

"இது என் கை இல்ல. நான் சிமெண்டைக் கெட்டியாக் குழைச்சு அமுக்கித் திணிப்பேன். இதுல தண்ணி அள்ளி ஊத்தியிருக்கு. தண்ணி வத்துனா சுருங்கி வெடிக்கத்தான் செய்யும். யாரு போட்டது?"

அண்ணன் உதிர்ந்த மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தரை போட்ட அன்னைக்கு நீ சாப்பிடப் போயிருந்தேலே. கடைசி வரிசைதானேன்னு ஒங்க அக்காதான் போட்டா. கம்பெனியில காகிதக் குழாய் ஒட்டுற பசை கணக்கா நீர்க்கக் கரைச்சா. மறுநா காயாம ஈரம் காட்டணும்னு நீ சொல்லிட்டுப் போன. விடியக்காலையில எப்பவும் போல கம்பெனி வேன் வந்துருச்சு, ஏறிப் போயிட்டா. இம்புட்டு நாளும் எனக்கு இந்த நெனப்பே வரலியே."

மதினியின் தம்பி சிரித்துவிட்டார். "அதான் அங்கன எப்பவும் சாக்கு கிடந்துச்சா! நான் பாத்தா ஏசுவேன்னு மூடி வச்சிருக்கா, கள்ளி." சிரித்த வேகத்திலேயே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு, "சுரண்டவா மச்சான்?" என்று கேட்டார்.

வெடியின் தழும்பு என்று இத்தனை வருடம் அண்ணன் அஞ்சிய இடம் மதினியின் கைவேலையாகிவிட்டது. இனி அதைச் சுரண்டச் சொல்ல அவருக்கு மனம் வருமா என்று நான் பயந்தேன். அவர் குனிந்து, மாவைக் கொஞ்சம் விரலில் தொட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"சுரண்டு. நல்லாப் போடணும்னுதான அவளும் உக்காந்தா."

இடுக்கை ஆழமாகத் தோண்டி, தூசி போகக் கழுவி, கெட்டிக் கலவையைத் திணித்து முடிக்கும்போது மதியமாகிவிட்டது. ஈரம் காயக் கூடாது, மிதிக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டுத் தம்பி கிளம்பினார். சாயங்காலம் நான் அச்சகத்திலிருந்து திரும்பியபின் மேற்கே ஒரு வெடிச் சத்தம் கேட்டது. அண்ணன் எழுந்தார். அடுப்படி நிலை வரை போய் நின்றார். உள்ளே போகாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் காலை, நான் பால் காய்ச்சும் முன்பே அவர் எழுந்துவிட்டார். தெருவில் கம்பெனி வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு சாக்கைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மதினி போட்டிருந்த அதே இடத்தில் விரித்தார். ஓரங்களை இழுத்துச் சரிசெய்தார். பிறகு அதைத் தாண்டிக் கொல்லைக்குப் போனார்.